தொட்ட காய்

குடை அவளுடையது. குற்றமும் அவளுடையதுதான். பின்னாளில் அதை அவளே ஒப்புக்கொண்டாள் என்றாலும், அந்த நிமிடத்தில் பழியை மழையின் தலையில் போட்டுவிட்டாள்.

மழையும் லேசுப்பட்ட மழை இல்லை... வானத்தில் யாரோ அண்டாவைக் கவிழ்த்துவிட்டு நிமிர்த்த மறந்துபோன மாதிரி கொட்டிக்கொண்டிருந்தது. பேருந்திலிருந்து குதித்து, அந்த மூன்று மாடிக் கட்டடத்தின் வாசலுக்கு ஒரே ஓட்டமாக ஓடி வந்தாள். படியேறியதும் குடையை மடக்கினாள். மடங்கவில்லை. ஓங்கி ஒரு உதறு உதறினாள். கம்பி நுனி பக்கத்தில் நின்ற ஒருவரின் மூக்குக்கு மேலே போய் எதையோ தட்டிவிட்டது. டிக் என்று ஒரு சத்தம். அடுத்து தரையில் இன்னொரு டிக்.

"ஐயோ... கண்ணுல பட்டுடுச்சா?"

"கண்ணு பத்திரமா இருக்குங்க. கண்ணாடியைத்தான் காணோம்," என்றது ஒரு குரல். கோபமே இல்லை. அதுதான் அவளை இன்னும் வெட்கப்பட வைத்தது.

குரலுக்குரியவன் அதற்குள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தரையைத் தடவ ஆரம்பித்திருந்தான். சட்டம் ஒரு பக்கம், லென்ஸ் சில்லு ஒரு பக்கம், திருகு போன இடம் தெரியவில்லை. அவன் தடவியதோ இவை எதுவுமே இல்லாத பக்கம். அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். தட்டிவிட்டதும் இல்லாமல் சிரிக்கவும் செய்தால் யார்தான் பொறுப்பார்கள்?

ஆனால் பாருங்கள், ஊரில் இத்தனை குடைகள் இருக்க, இந்தக் குடையால் கண்ணாடி உடைபட்டவன் கொடுத்து வைத்தவன். அவள் அண்ணனின் கண்ணாடிக் கடையில் ஆறு வருடமாக வேலை பார்ப்பவள். கைப்பையில் சீப்பு இருக்கிறதோ இல்லையோ, விரல் நீளத்தில் ஒரு திருப்புளியும் ஒரு டப்பி திருகும் எப்போதும் இருக்கும். சில்லைத் துடைத்தாள், சட்டத்தில் பொருத்தினாள், எள்ளளவு திருகை நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு முடுக்கினாள். மூன்றே நிமிடம். கடைப் பழக்கத்தில், யோசிக்காமல், தானே அவன் முகத்தில் மாட்டி, இரண்டு காதுக்கும் பின்னால் விரலை விட்டுச் சரிபார்த்தாள்.

அப்போதுதான் அந்தக் கண்கள்...

ஒரு நாளைக்கு முப்பது ஜோடிக் கண்களைப் பார்ப்பவள் அவள். சோர்ந்த கண், திருட்டுக் கண், எழுத்துத் தெரியாததை ஒத்துக்கொள்ளாத வீம்புக் கண் எல்லாம் அவளுக்கு அத்துப்படி. இந்தக் கண்களில் இமையோரம் மழைத்துளி இருந்தது. மங்கலாகவே இருந்த பார்வை, சில்லு ஏறியதும் மெல்லத் தெளிந்து, வேறெங்கும் அலையாமல், நேரே அவளிடம் வந்து நின்றது. நின்றது நின்றதுதான். அவள் சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள். விரல் நுனி ஏன் சுடுகிறது?

"இது தற்காலிகம்தாங்க. கடைக்கு வந்தீங்கன்னா நல்ல திருகா மாத்தித் தர்றேன். லேசா இடது பக்கம் சரிவா இருக்கு..." என்று மறுபடியும் கை நீட்டப் போனவள், தன்னைத்தானே அடக்கிக்கொண்டாள்.

லிஃப்ட்டின் மேல் 'பழுது' என்று காகிதம் ஒட்டியிருந்தது. போகிற போக்கில் அவன் அதன் கதவை ஒரு தட்டுத் தட்டிக் கேட்டுவிட்டு, "கதவுக் கோளாறுதான். பத்து நிமிஷ வேலை," என்றான். அவள் அதைக் காதில் வாங்கவில்லை. வாங்கியிருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி போயிருக்கும். அவனோடு சேர்ந்து படியேறும்போது அவளுக்குப் படபடப்பு. படபடப்பு வந்தால் அவள் வாய் நிற்காது.

மூன்றாம் மாடியில் சதுரங்கப் போட்டியின் இறுதி ஆட்டம், அதை ஆடத்தான் தான் போவதாகச் சொன்னாள். இரண்டு பிரிவுகளில் முதலாவதாக வந்த இரண்டு பேருக்கும் இன்று ஒரே ஒரு ஆட்டம். ஜெயித்தவருக்கு மாவட்ட அணியில் இடம். டிரா ஆனால் இரண்டு பேருக்குமே இல்லை, போன வருடம் ஆடியவரே இந்த வருடமும் ஆடுவார். அண்ணனோடு அவள் போட்டுக்கொண்ட ஒப்பந்தத்தையும் ஒளிக்காமல் சொன்னாள். இடம் கிடைத்தால் பயிற்சிக்கு ஆறு வாரம் விடுப்பு. கிடைக்காவிட்டால் புதுக் கிளையில் வாரம் ஏழு நாளும் வேலை, இனி போட்டி என்ற பேச்சே எடுக்கக் கூடாது. அண்ணன் கெட்டவரில்லை, ஆனால் சொன்ன சொல்லை மாற்ற மாட்டார்.

"எதிர்ல ஆடறது யாருங்க?" என்று கேட்டான் அவன்.

"யாரோ லிஃப்ட் மெக்கானிக்காம். எல்லாரும் லிஃப்ட்காரர், லிஃப்ட்காரர்னுதான் சொல்றாங்க. ஆமை மாதிரி ஆடுவாராம். எதிராளி கொட்டாவி விட்டுத் தூங்கினதும் ஜெயிச்சுடுவாராம். பெரிய மீசையும் தொப்பையுமா இருப்பார்னு நினைக்கிறேன்."

"இருக்கலாம்," என்றான் அவன். உதட்டோரம் என்னவோ ஒன்று வந்து ஒளிந்துகொண்டது.

நுணலும் தன் வாயால் கெடும் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

அரங்கத்தின் நடுவே ஒற்றை மேசை. வெள்ளைக் காய்கள் அவளுக்கு. உட்கார்ந்தாள், பேனாவைத் திறந்தாள், நிமிர்ந்தாள். எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தவனுக்கு மீசை பெரிதாக இல்லை. தொப்பை இல்லவே இல்லை. இடது பக்கம் லேசாகச் சரிந்த கண்ணாடி மட்டும் இருந்தது.

அவள் முகத்தில் ஈயாடவில்லை. தரை பிளந்தால் அப்படியே மூன்று மாடியும் இறங்கிப் போய்விடலாம் போலிருந்தது.

"தூக்கம் வந்தா சொல்லுங்க," என்றான் அவன் மெதுவாக.

பதில் சொல்ல நேரமில்லை. நடுவர் அம்மா வந்துவிட்டார். சாம்பல் நிறக் கோட்டு, கழுத்தில் விசில் ஒன்றுதான் குறைச்சல், அப்படி ஒரு மிடுக்கு. நூறு தடவை சொல்லிப் பழகிய விதிகளை நூற்றோராவது தடவையாக ஒப்பித்தார். தொட்ட காயை நகர்த்தியே ஆகவேண்டும். காயைச் சரிசெய்வதானால் முன்கூட்டியே சொல்லிவிட்டுத் தொட வேண்டும். டிரா கேட்பதற்கும் ஒழுங்கு உண்டு: முதலில் காயை நகர்த்த வேண்டும், பிறகு வாய்விட்டுக் கேட்க வேண்டும், அதன் பிறகு கடிகாரத்தை அமுக்க வேண்டும். கேட்கப்பட்டவர் பதில் சொல்லாமல் ஒரு காயைத் தொட்டுவிட்டால் மறுத்ததாக அர்த்தம். "இன்னிக்கு உங்க ரெண்டு பேருக்கும் டிராவால பிரயோசனம் இல்லை, இருந்தாலும் சொல்றது என் கடமை," என்று முடித்தார்.

கை குலுக்கினார்கள். அவன் கையில் ஒரு சின்னக் காய்ப்பு இருந்தது. கடிகாரம் ஓட ஆரம்பித்தது.

அவள் ராணிக்கு முன்னால் நின்ற சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினாள். அவனும் அப்படியே செய்தான். அடுத்து, அதற்குப் பக்கத்துச் சிப்பாயையும் இரண்டு கட்டம் தள்ளி, 'இந்தா, வேண்டுமானால் எடுத்துக்கொள்' என்று அவன் முன்னால் வைத்தாள். நூறு வருடத்துக்கும் மேலாக ஆடிவரும் பழைய தொடக்கம் அது. கொடுப்பது போலக் கொடுப்பது. எடுத்தால் பலகையின் நடுவிடம் கொடுத்தவருக்கு. அவன் சிப்பாயையும் பார்த்தான், அவளையும் பார்த்தான். எடுக்கவில்லை. தன் ராஜாவுக்கு முன்னால் இருந்த சிப்பாயை ஒரே ஒரு கட்டம் தள்ளி முட்டுக் கொடுத்தான்.

வாங்கிக்க மாட்டாராம்... சரியான அழுத்தக்காரர், என்று நினைத்துக்கொண்டாள். நினைப்பில் 'ர்' விகுதி தானாக வந்து ஒட்டிக்கொண்டதை அவள் கவனிக்கவில்லை.

குதிரைகள் வெளியே வந்தன. அவள் மந்திரி பாய்ந்து போய் அவன் குதிரையைக் கட்டிப்போட்டது. அவனுடைய ஒரு மந்திரி மட்டும் சொந்தச் சிப்பாய்களுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, கதவு திறக்காத லிஃப்ட்டில் நிற்பவர் மாதிரி முழித்துக்கொண்டு நின்றது. அதை வெளியே கொண்டு வருவதுதான் கறுப்புக்காரரின் தலைவலி. அவன் அவசரப்படவில்லை. ஒன்றை மாற்றி, ஒன்றை விலக்கி, ஒரு மணி நேரம் கழித்து அந்த மந்திரியை ஒரு படி முன்னால் கொண்டுவந்து நிறுத்தினான். ஆமை இல்லை இவன்... ஒவ்வொரு நகர்வும் எண்ணி வைத்த அடி. அவளுக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. பயம் பாதி. மீதி பாதி சந்தோஷம். இப்படி ஒருவரோடு ஆடி எத்தனை நாளாயிற்று! அவள் மனதில் ஒன்று நினைத்தால் அவன் அதற்குப் பதில் வைத்தான், அவன் நினைத்ததை அவள் தடுத்தாள். ஒரு வார்த்தை பேசாமல் இவ்வளவு பேச முடியுமா?

நடுநடுவே அந்தச் சரிந்த கண்ணாடி வேறு. அவன் குனியும்போதெல்லாம் அது இன்னும் சரிந்தது. எழுந்து போய் நிமிர்த்தி விடலாமா என்று அவள் விரல்கள் துறுதுறுத்தன. கைகளை மேசைக்கடியில் கோத்துக்கொண்டாள்.

இருபத்து மூன்றாவது நகர்வு. பலகையின் ஒரு வரிசை காலியாகத் திறந்து கிடந்தது. அவள் தன் யானையை அந்த வரிசையில் நிறுத்தி, கடிகாரத்தை அமுக்கினாள். அவன் தன் யானையையும் அதே வரிசைக்குக் கொண்டுவந்தால் போதும், ஆட்டம் சமம். டிராவை நோக்கித்தான் போகும். அண்ணனின் புதுக் கிளை கண்முன் வந்து போனது. தலையைக் குனிந்து, நகர்வைத் தாளில் எழுதினாள்.

நிமிர்ந்தபோது அவன் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு பலகையையே வெறித்துக்கொண்டிருந்தான். காது மடல் இரண்டும் சிவந்திருந்தன. ஒரு நிமிடம்... இரண்டு நிமிடம்... பிறகு கையை எடுத்து, யானையை விட்டுவிட்டு, அத்தனை பாடுபட்டு வெளியே கொண்டுவந்த அந்த மந்திரியைத் தூக்கி, வந்த வழியே ஒரு கட்டம் பின்னால் வைத்தான்.

அவளால் நம்ப முடியவில்லை. விளையாட்டுப் பழகி ஒரு மாதம் ஆனவர்கூட இதைச் செய்ய மாட்டார். அவள் யானைக்கு வாசல் விரியத் திறந்துவிட்டது. உள்ளே புகுந்து சிப்பாய் ஒன்றைத் தின்றது, பிறகு இன்னொன்றை. முப்பத்தெட்டாவது நகர்வில் அவன் கடிகாரத்தை நிறுத்திவிட்டுக் கையை நீட்டினான்.

"நல்லா ஆடினீங்க."

பின் வரிசைகளில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். அவள் காதில் விழவில்லை. படியேறும்போது உளறிக் கொட்டியது எல்லாம் திரும்ப வந்தது... அண்ணன், புதுக் கிளை, வாரம் ஏழு நாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதானே வந்தான்? பாவம் என்று நினைத்துவிட்டான். விட்டுக் கொடுத்துவிட்டான். கோபம் மூக்குக்கு மேல் ஏறியது.

"எனக்குப் பிச்சை போட்டீங்களா?" என்றாள், அவனுக்கு மட்டும் கேட்கும்படி.

அவன் என்னவோ சொல்ல வாயெடுத்தான். காது மறுபடி சிவந்தது. "இல்லைங்க," என்றான். தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, விறுவிறுவென்று வெளியே போய்விட்டான். பாருங்களேன், திருடன் மாதிரி எப்படி நழுவுகிறான் என்று அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

நேரே நடுவர் அம்மாவிடம் போனாள். இந்த வெற்றி தனக்கு வேண்டாம் என்றாள். எதிராளி வேண்டுமென்றே தோற்றார், அவருக்கே இடத்தைக் கொடுங்கள், நான் கடைக்கே போய்க்கொள்கிறேன் என்று சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. ஆறு வருடம் காத்திருந்த ஒன்றைக் கையால் தள்ளுவது அத்தனை சுலபமா என்ன? ஆனாலும் தள்ளினாள். அவள் பிறவி அப்படி.

நடுவர் அம்மா தாள்களை அடுக்குவதை நிறுத்தவில்லை. "வேணும்னே தோத்தாரா? யாரும்மா சொன்னது?"

"அந்த மந்திரியை யாராவது பின்னால வைப்பாங்களா மேடம்?"

"தொட்டுட்டார்ல? அதுக்குப் போக வேற கட்டமும் இல்லை. வைக்காம என்ன செய்வார்?"

அவள் விழித்தாள். அந்த அம்மா இப்போது தாள்களைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். அவர் அப்போது மேசைக்குப் பக்கவாட்டில், சற்றுத் தள்ளி நின்றிருக்கிறார். அவள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தபோது, அவன் கை யானையை எடுக்க நீண்டிருக்கிறது. விரல் போய்த் தொட்டதோ யானைக்கு முன்னால் நின்ற மந்திரியை. சுட்டுக்கொண்டவன் போல் கையை இழுத்துக்கொண்டானாம். எதிராளி பார்க்கவில்லை. நடுவர் பார்த்ததும் அவனுக்குத் தெரியாது. பேசாமல் யானையை நகர்த்தினால் கேட்பாரில்லை என்றுதான் அவன் நினைத்திருக்க வேண்டும்.

"என்னதான் செய்யறார்னு பாத்துட்டு நின்னேன். யானையை எடுத்திருந்தா நானே கூப்பிட்டுத் திருத்தியிருப்பேன். ரெண்டு நிமிஷம் உக்காந்திருந்தார். அப்புறம் தொட்டதையே நகர்த்தினார். மூணு வருஷமா இந்த ஒரு இடத்துக்காக வர்றாரும்மா அவர். இதைப் போய்ப் பிச்சைங்கிறியே?"

இவ்வளவு நேரம் யாரை என்னவென்று நினைத்தோம்... என்ன வார்த்தை கேட்டோம்...

"ஆனா... அவ்வளவு நிதானமா ஆடறவர், பக்கத்துக் காயை எப்படித் தொட்டார்?"

நடுவர் அம்மாவின் மிடுக்கு முகத்தில் முதன்முதலாக ஒரு குறும்பு எட்டிப் பார்த்தது. "கையை நீட்டினவர் பலகையைப் பாக்கலையே. எங்கே பாத்தார்னு என்னைக் கேக்காதே. அது விதிப் புத்தகத்துல வராது. போ, அவர்கிட்டயே கேளு."

அவள் ஓடினாள். மூன்று மாடிப் படியையும் எப்படி இறங்கினாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. போயிருப்பானோ? வீடு எங்கே என்றுகூடத் தெரியாதே... மழை நின்றிருந்தால் போயிருப்பான். கடவுளே, மழை நிற்கக் கூடாது.

மழை நிற்கவில்லை. அவனும் போகவில்லை. கீழ்த்தளத்தில், லிஃப்ட் கதவுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, கையில் திருப்புளியோடு எதையோ முடுக்கிக்கொண்டிருந்தான். சட்டைக் கையை மடித்து விட்டிருந்தான். கண்ணாடி வழக்கம்போல் இடது பக்கம் சரிந்திருந்தது. அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"சும்மா நிக்கப் பிடிக்கலை. அதான்..." என்றான். பழுது என்று எழுதிய காகிதம் மடிந்து அவன் சட்டைப் பையில் இருந்தது.

அவளுக்கு மூச்சு வாங்கியது. தப்பாக நினைத்துவிட்டதாகச் சொன்னாள், நடுவர் அம்மா எல்லாவற்றையும் சொல்லிவிட்டதாகச் சொன்னாள். மன்னிப்பு என்ற வார்த்தை வருவதற்குள் கண்ணில் நீர் வந்துவிட்டது. அவன் பதறிப்போனான். அது ஒன்றும் பெரிய விஷயம் இல்லை என்றும், விதி என்றால் விதிதான் என்றும், அடுத்த வருடம் மறுபடி வரப் போவதாகவும் திக்கித் திணறிச் சொன்னான்.

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல? கேட்டேன்ல உங்களை?"

"சொன்னா... எப்படித் தொட்டேன்னு அடுத்து கேப்பீங்களே."

"இப்பக் கேக்கறேன். எப்படித் தொட்டீங்க?"

வெளியே மழை ஓய்ந்து ஓய்ந்து கொட்டியது. அவன் திருப்புளியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான்.

"நீங்க குனிஞ்சு எழுதிட்டிருந்தீங்க. நாக்கு நுனியைக் கடிச்சுக்கிட்டு... காலையில என் கண்ணாடிக்குத் திருகு போட்டப்ப கடிச்சீங்களே, அதே மாதிரி. அதைப் பாத்துட்டே கையை நீட்டிட்டேன்." திருப்புளி மறுபடி கை மாறியது. "குத்தம் உங்களுதுதாங்க. நீங்க அந்தக் கண்ணாடியைச் சரி பண்ணிக் குடுக்காம இருந்திருந்தா, எனக்கு உங்க முகமே தெரிஞ்சிருக்காது. நான் ஜெயிச்சிருப்பேன்."

அவள் சிரித்துவிட்டாள். கன்னத்தில் நீர் வழிய வழியச் சிரித்தாள். நெஞ்சுக்குள் யாரோ இரண்டு கையாலும் கடிகாரத்தை மாற்றி மாற்றி அமுக்குவது போல் ஒரே அடிப்பு. அவனும் சிரித்தான்.

"ஒண்ணு கேக்கலாமா?" என்றான் சிரிப்பு அடங்கியதும். "டிரா... குடுப்பீங்களா?"

அவளுக்குப் புரிந்தது. புரிந்த வேகத்தில் முகமெல்லாம் சூடேறியது. ஆனால் அத்தனை சுலபத்தில் விட்டுவிட்டால் அவள் அவளில்லையே. புருவத்தை உயர்த்தினாள்.

"அப்படியெல்லாம் கேக்கக் கூடாது. ஒழுங்கு இருக்கு. முதல்ல நகர்த்தணும். அப்புறம் வாய்விட்டுக் கேக்கணும். அப்புறம்தான் கடிகாரம்."

அவன் ஒரு கணம் யோசித்தான். திருப்புளியைப் பையில் போட்டான். ஒரே ஒரு அடி, எண்ணி வைத்த அடி, அவளை நோக்கி எடுத்து வைத்தான்.

"எனக்கு உங்களைப் பிடிச்சிருக்குங்க. காலையில கண்ணாடியை மாட்டி விட்டீங்களே, அப்பவே பிடிச்சுப் போச்சு. உங்களுக்கும்... சம்மதம்னா சொல்லுங்க."

கையை நீட்டி லிஃப்ட் பொத்தானை அமுக்கினான். எங்கோ மேலே, மூன்றாம் மாடியில், லிஃப்ட் ஒரு உறுமலோடு உயிர் பெற்றுக் கிளம்பியது. கதவுக்கு மேலே '3' என்று சிவப்பாக எரிந்தது.

அவன் முகம் இப்போது மிக அருகில் இருந்தது. கண்ணாடி சரிந்து, மூக்கில் ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் விரல்கள் தவித்தன. தொடக் கூடாது... பதில் சொல்வதற்கு முன்னால் தொட்டால் மறுத்ததாக அர்த்தம். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். அவனும் அதைப் பார்த்தான். அதன் பொருள் இந்த உலகத்தில் அந்த நிமிடம் அவன் ஒருவனுக்குத்தான் விளங்கியிருக்கும். அவன் மூச்சு நின்றது.

'2' எரிந்தது.

"நான் ஆறு வாரம் பயிற்சிக்குப் போயிடுவேன்," என்றாள்.

"காத்திருக்கேன்."

"கடையில அண்ணன் இருப்பார். அவர்கிட்ட வந்து பேசணும்."

"திருகு மாத்தணும்னு சொல்லிட்டுத்தான் வருவேன்."

'1'. லிஃப்ட் இறங்கி வரும் சத்தம் சுவர் வழியே கேட்டது.

"எனக்கு டிரா பிடிக்காதுங்க," என்றாள். அவன் முகம் வாடப் பார்த்தது. அவளுக்கு அதைத் தாங்க முடியவில்லை. "ஆனா உங்களைப் பிடிச்சிருக்கு. ரொம்பப் பிடிச்சிருக்கு. சம்மதம்."

லிஃப்ட் வந்து நின்றது. கதவு, ஒரு சிக்கலும் இல்லாமல், அழகாகத் திறந்தது. இருவரும் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் கைகளை முன்னால் கொண்டுவந்து, அவன் இரண்டு காதுக்கும் பின்னால் விரலை விட்டு, காலையிலிருந்து தவித்த தவிப்பெல்லாம் தீர, அந்தக் கண்ணாடியை நேராக நிமிர்த்தி வைத்தாள்.